கனகரத்தினம் மாஸ்ரரின் பன்னிரண்டாம் பகுதி

தெல்லிப்பழையில் கனகரத்தினம் மாஸ்ரர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்து, "எப்பிடி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டால், அந்த வீட்டுக்காரர் அன்று பின்னேரமே பிறஷர் பார்க்க ஓடுவார். மனுசன் கெட்டவர் அல்ல. வேலியை அரக்கி அடுத்தவர் காணியைப் பிடித்ததில்லை, கோயில் தலைவர் பதவிக்கு ஆசைப்பட்டதில்லை, ஒருவருடைய கலியாணத்தையும் குழப்பியதில்லை. யாழ்ப்பாணத்தில் எழுபத்திரண்டு வயது வரை இந்த மூன்றையும் செய்யாமல் இருந்த ஒருவரைக் கண்டு ஊர் பயந்தது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும். காரணம், இங்கிலீஷ் பெயர்ச்சொல்.

எல்லாப் பெயர்ச்சொல்லும் அல்ல. தனியே நிற்கும்போது ஒரு கருத்தும் பன்மையானதும் வேறொரு கருத்தும் தருகிற சொற்கள் மட்டும். எங்கள் மாடு ஒன்றென்றாலும் மாடு, ஒன்பதென்றாலும் மாடு. இங்கிலீஷ்காரனிடம் அந்த நேர்மை கிடையாது என்பது மாஸ்ரரின் கட்சி. வூட் என்றால் மரக்கட்டை, பின்னால் ஒரு எஸ்ஸைப் போட்டு வூட்ஸ் என்றால் காடு. மினிற் என்றால் நிமிடம், மினிற்ஸ் என்றால் சனசமூக நிலையச் செயலாளர் ஒருநாளும் நேரத்துக்கு எழுதாத கூட்ட அறிக்கை. எயார் காற்று, எயார்ஸ் என்பது கனடாவிலிருந்து வந்து நிற்பவர்கள் கோயில் வீதியில் காட்டுகிற எடுப்பு. இந்த விளக்கங்கள் எல்லாம் மாஸ்ரர் சொந்தமாக எழுதியவை. நாற்பத்துநாலு வருடத்தில் இப்படி நூற்றிருபது சொல்லைப் பிடித்து ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி அடைத்து வைத்திருந்தார்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. இளவயதில் கொழும்புக்குச் சுங்கத்து வேலைக்கு நேர்முகம் போனாராம். கஸ்டம்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்களாம். இவர் சாமத்தியச் சடங்கில் தொடங்கி அந்தியேட்டி வரை அரை மணித்தியாலம் விளக்கினாராம். முழுப் பொய். அவர் கொழும்புக்கு வேலை கேட்டுப் போனதே இல்லை. அவரோடு படிப்பித்த கணக்கு வாத்தியார் ஒருவர் கட்டிவிட்ட கதை அது. உண்மை சப்பென்றது. பஸ்ஸுக்கு நின்ற ஒருநாள் பொழுது போகாமல் நாலு சொல்லை எழுதினார், பிறகு விட முடியவில்லை. சிகரெட் பழகுகிறவர்களும் இப்படித்தான் சொல்லுவார்கள்.

சண்டைக் காலத்தில் ஒரு காவலரணில் அந்தக் கொப்பியை விரித்த சிப்பாயின் கண்ணில் முதலில் பட்டது ஆர்ம்ஸ். அதற்குக் கீழே ஃபோர்சஸ், அதற்குக் கீழே குவாட்டர்ஸ். மாஸ்ரரை வெயிலில் இருத்திவிட்டார்கள். மத்தியானம் வந்த மேலதிகாரி கொப்பியை முதலிலிருந்து கடைசி வரை வாசித்து, தனக்குத் தெரிந்த இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுத்து, போகச் சொன்னான். மாஸ்ரர் அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டார். கொப்பியைக் கடைசி வரை வாசித்த ஒரே மனிதன் அவன்தான் என்று மாஸ்ரர் இன்றைக்கும் சொல்லுவார்.

மற்றவர்கள் வாசிக்கவில்லை. பத்திரிகைக்கு அனுப்பினார், போட இடமில்லை என்றார்கள். பாடசாலை ஆண்டு மலருக்குக் கொடுத்தார், பரிசளிப்பு விழாப் படங்கள் அந்த இடத்தை விழுங்கிவிட்டன. நோர்வேயில் இருக்கிற மகன் முகநூலில் ஏற்றிவிட்டான். மூன்று பேர் விருப்பம் போட்டார்கள், மூன்று பேரும் சொந்தக்காரர். தான் செத்தால் கொப்பியும் பழைய பேப்பரோடு போய்விடும் என்ற பயம் மாஸ்ரருக்கு அறுபத்தெட்டு வயதில் வந்தது. அது வந்த நாளிலிருந்து அவருக்கு வேறு ஒன்றிலும் மனம் செல்லவில்லை.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. யாழ்ப்பாணத்தில் காசு கொடுக்காமல் எல்லார் கைக்கும் போகிற புத்தகம் எது? குப்பையில் போட எவருக்கும் துணிவு வராத புத்தகம் எது? செத்தவருக்கு முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியில் பந்திக்கு முன்னால் கொடுக்கிற நினைவு மலர். அட்டையில் செத்தவரின் படம், அதற்கு மேலே நல்லூர் முருகன். முருகனை எப்படிக் குப்பையில் போடுவது? ஆகவே அது அலுமாரித் தட்டில் வருடக்கணக்காகக் கிடக்கும். உள்ளே வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் போட்ட பிறகும் பக்கம் மிஞ்சினால் மூலிகை வைத்தியம், அவசர ரெலிபோன் இலக்கம் என்று எதையாவது போட்டு நிரப்புவார்கள். மூலிகை வைத்தியம் போடலாம் என்றால் பெயர்ச்சொல் போட்டால் என்ன?

அதோடு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவதில் மாஸ்ரர் விண்ணன். ஊரில் பாதிச் சவத்துக்கு அவர்தான் எழுதியிருக்கிறார். அவருடைய பேனையில் தெல்லிப்பழையில் செத்த எல்லாரும் இன்முகம் காட்டுபவர்கள், இல்லையென்று சொல்லாதவர்கள், கோபம் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். பெண்சாதிக்குக் கதிரையால் எறிந்தவரும் அதில் அடக்கம். எழுதுவதற்கு அவர் ஒன்றும் வாங்குவதில்லை. இனிமேல் ஒரே ஒரு பக்கம் தந்தால் போதும் என்றார். ஒரு மலருக்குப் பத்துச் சொல், பன்னிரண்டு மலரில் கொப்பி முழுக்க அச்சில் வந்துவிடும். அதாவது பன்னிரண்டு பேர் செத்தால் போதும். பெரிய ஊர், அது ஒரு தொகையே அல்ல.

முதலாம் பகுதி பக்கத்து வளவுக் கதிரவேலுவின் அண்ணையுடைய மலரில் வந்தது. மாஸ்ரர் ஒழுங்கான ஆள். ஒரு தொடரைத் தொடங்கினால் வாசகருக்கு விபரம் சொல்லவேண்டும் அல்லவா? பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில் போட்டார்: "மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். அடுத்த பத்துச் சொற்கள் அடுத்த மலரில்."

பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கதிரவேலு மலரோடு வந்து நின்றார்.

"மாஸ்ரர், உதென்ன போட்டிருக்கிறியள்? அடுத்த மலர் எண்டால் ஆரின்ரை மலர்?"

"அது இன்னும் தெரியாது, கதிரவேலு. வரேக்கை தெரியும்" என்றார் மாஸ்ரர், ஒரு கள்ளமும் இல்லாமல்.

நாற்பது நாளில் கதிரவேலுவின் அண்ணி செத்துப்போனா. அவவுக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு வருடமாகப் படுக்கை. அதையெல்லாம் ஊர் கணக்கில் எடுக்கவில்லை. அவவின் மலரில் இரண்டாம் பகுதி வந்தது. மூன்றாவதும் நாலாவதும் வந்தபோது மாஸ்ரரைக் கண்டால் நோயாளிகள் போர்வையை இழுத்து மூடினார்கள். ஐந்துக்குப் பிறகு கொஞ்ச நாள் ஒருவரும் சாகவில்லை, அது மாஸ்ரருக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. பிறகு மளமளவென்று ஆறு மலர் வந்தது. பதினோராம் பகுதி வந்தபோது ஊரே நின்று எண்ணியது. இன்னும் ஒன்றுதான். அந்த ஒன்று யார் என்பதுதான் கதை. சாகப் போகிறவர்களும் சாகாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள், வாழ்க்கைக் குறிப்பைத் தாங்களே எழுதுகிறோம் என்று இங்கிதமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். எட்டு மாதம் பன்னிரண்டாம் பகுதி மேசையில் கிடந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு திங்கட்கிழமை மாஸ்ரரின் மனைவி மகாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினி நிலத்தில் இருந்துவிட்டாள். அறுபத்தெட்டு வயது, இரத்தத்தில் சீனி கூடிய சலரோகம். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்குத்தர் சொன்னார்: பித்தப்பையில் கல், சீழ் பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வெட்டி எடுக்கவேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே வெடித்துவிடும், பிறகு உயிருக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது.

மகாதேவி சம்மதப் பத்திரத்தில் ஒப்பம் வைக்க மாட்டேன் என்றாள்.

நேர்ஸ் பேப்பரை நீட்டினாள், மாட்டேன். டாக்குத்தர் வந்து சொன்னார், மாட்டேன். பக்கத்துக் கட்டில் லூர்த்தம்மா குருநகர்ப் பெண், மகளைப் பார்க்க வந்த இடத்தில் வருத்தம் வந்து படுத்தவள். அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு மாஸ்ரர் வந்து கட்டில் விளிம்பில் இருந்தார்.

"உமக்கென்ன விசரே? ஒரு மணித்தியாலத்து வேலை எண்டு டாக்குத்தர் சொல்லுறார்."

மகாதேவி முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பன்னிரண்டாவது இன்னும் வரேல்லை."

மாஸ்ரருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, என்னைப் பாக்க வாற சனம் நாரங்காய் கொண்டு வருகுதுகள், கட்டிலடியிலை நிண்டு ஒரு மாதிரிப் பாக்குதுகள். கதிரவேலுவின்ரை மனிசி வந்து என்ரை கையைப் பிடிச்சு அழுதிட்டுப் போறா. நான் உயிரோடை இருக்கிறன், அவ அழுறா. பன்னிரண்டு எனக்குத்தான் எண்டு ஊர் முடிவு கட்டிட்டுது. மயக்க மருந்து குடுத்தால் நான் எழும்பமாட்டன்."

"உதெல்லாம் விசர்க் கதை."

"விசர்க் கதைதான். அடுத்த மலரில் எண்டு போட்டது நானோ?"

மகாதேவி சாத்திரம் பார்க்கிறவள் அல்ல. பல்லி சொன்னால் பல்லிக்குத் திருப்பிச் சொல்லுகிற ஆள். ஆனால் பதினொரு மலரும் அவள் கண்ணுக்கு முன்னால் எழுதப்பட்டவை, பதினொரு செத்த வீட்டுக்கும் அவள் போய்வந்தவள். பயம் வந்தபோது அது ஊர்ப் பயமாக வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

"கொப்பியை எரிச்சுவிடுறன்" என்றார் மாஸ்ரர். அதைச் சொன்னபோது அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

"எரிச்சால்? பன்னிரண்டு எண்டு அச்சிலை சொல்லிப்போட்டியள். அச்சிலை வாற வரைக்கும் அது ஆரையோ பாத்துக்கொண்டுதான் கிடக்கும். அச்சடிச்சுக்கொண்டு வாங்கோ, நான் ஒப்பம் வைக்கிறன்."

மாஸ்ரர் சைக்கிளில் ஏறி யாழ்ப்பாணப் பக்கத்துத் திருநெல்வேலிக்கு மிதித்தார். பலாலி வீதியில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டியது ஒன்றும் காதில் விழவில்லை. லெனாட்டின் அச்சகம் சந்தைக்குப் பின்னால் இருந்தது. லெனாட் வேதக்காரன், ஆனால் வலிகாமத்துச் சைவச் சவம் முழுக்க அவன் கணினி வழியாகத்தான் மோட்சம் போகிறது. மாஸ்ரர் கேட்டது ஒன்றுதான். இன்று செத்தவர் உதவமாட்டார், மலருக்கு ஒரு மாதம் இருக்கிறது. போன மாதம் செத்த யாராவது அச்சில் நிற்கிறார்களா?

மூன்று பேர் நின்றார்கள். லெனாட் மூன்று வீட்டுக்கும் ரெலிபோன் எடுத்தான். முதலாவது வீட்டில் மூலிகை வைத்தியம் போட்டாயிற்று என்றார்கள். இரண்டாவது வீட்டில் மாஸ்ரரின் பெயரைக் கேட்டதும் ரெலிபோனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது, வெளியூரில் இருந்து செத்த கதிரவேலுவின் மாமியாருடைய மலர். மாஸ்ரரே ரெலிபோனை வாங்கிக் கெஞ்சினார்.

"கதிரவேலு, இதுதான் கடைசி. இதோடை முடிஞ்சுது. பிறகு ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"மாஸ்ரர், நீங்கள் எனக்கு இங்கிலீஷ் படிப்பிச்சனீங்கள், கையெடுத்துக் கும்பிடுறன். ஆனால் எங்கடை வீட்டிலை ஏற்கெனவே ரெண்டு பகுதி வந்திட்டுது. மூண்டாவதும் நாங்களே எடுக்கேலாது. வேறை ஆரையும் பாருங்கோ."

மாஸ்ரர் அச்சகத்துக் கதிரையில் குந்தினார். பாவம், அழவேண்டும் போலத்தான் இருந்தது. இரண்டு பெருவிரல் அளவுப் பித்தப்பைக்குள் அவருடைய நாற்பத்துநாலு வருட வீடு சிக்கிக்கொண்டு கிடந்தது. அதை அங்கே சிக்க வைத்தது சீழ் அல்ல, தானும் தன் கொட்டை எழுத்தும்தான் என்பது அவருக்கு அந்தக் கதிரையில்தான் தைத்தது. லெனாட் ஒரு பிளேன் ரீ வாங்கி வைத்தான். அது ஆறிப்போனது.

"லெனாட், ஒரு மலர் அடிக்கவேணும். புதன்கிழமை வேணும்."

"ஆருக்கு மாஸ்ரர்?"

"எனக்கு."

லெனாட் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு தொழில்காரன் ஆனபடியால் படம் கேட்டான். மாஸ்ரர் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். தோற்றம், மறைவு என்று இரண்டு பெட்டி வழக்கமாக இருக்கும். மறைவுக்கு என்ன போடுவது என்று கேட்டான். வெறுமையாக விடு என்றார் மாஸ்ரர். வெறும் பெட்டி பார்க்க நல்லாயில்லை என்றான் லெனாட். அப்படியென்றால் பெட்டியையே எடு என்றார். தேவாரத்துக்கு எத்தனை பக்கம்? ஒரு பக்கமும் இல்லை. மலர் அவருடையது, கேட்க ஆளில்லை. நூற்றிருபது சொல்லும் ஒன்றுவிடாமல் முதலாவதிலிருந்து போகட்டும். வாழ்நாளில் முதல் தடவையாக முழுக் கொப்பியும் ஒரே புத்தகமாக வரப்போகிறது. அந்த நேரத்திலும் அதற்காக ஒரு சின்னச் சந்தோசம் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்தாலும் அது இருந்தது.

மிஞ்சியது வாழ்க்கைக் குறிப்பு. அதில்தான் பேனை நின்றுவிட்டது. "இன்முகத்துடன் யாவரையும் வரவேற்பவர்" என்று பழக்கத்தில் எழுதினார். மகாதேவி அதை வாசிக்கும்போது அவள் முகம் போகிற போக்கை நினைத்துப் பார்த்து வெட்டினார். "இல்லையென்னாது வழங்கும்" என்று தொடங்கி அதையும் வெட்டினார். நூறு பேருக்கு அவிழ்த்துவிட்ட பொய்யில் ஒன்றுகூடத் தனக்குப் பொருந்தவில்லை என்றதும் மனுசனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு விறுவிறென்று எழுதி, திரும்பிப் பார்க்காமல் லெனாட்டிடம் கொடுத்தார்.

புதன் பின்னேரம் முந்நூறு பிரதி கட்டி வைத்திருந்தான் லெனாட். முந்நூறுக்குக் குறைய மலர் அடித்து அவனுக்குப் பழக்கமில்லை. வியாழக்கிழமை மத்தியானம் நோயாளர்களைப் பார்க்க விடுகிற நேரத்துக்கு மாஸ்ரர் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய், ஒரு பிரதியை மட்டும் சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வார்ட்டுக்குள் நுழைந்தார். மகாதேவிக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருந்தது. மலரைக் கையில் கொடுத்தார்.

அட்டையில் முருகனையும் முருகனுக்குக் கீழே தன் புருசனையும் கண்ட மகாதேவி மலரை மடியில் கவிழ்த்தாள்.

"என்ன வேலை பாத்திருக்கிறியள்?"

"பன்னிரண்டு வந்திட்டுது. கடைசிப் பக்கத்தைப் பாரும். இனி அடுத்த மலர் எண்டு ஒண்டும் இல்லை. அது வேணுமெண்டால் என்னைப் பிடிக்கட்டும்."

கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் "முற்றும்" என்று இருப்பதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு முன்னுக்குத் திருப்பி வாழ்க்கைக் குறிப்பை வாசித்தாள். லூர்த்தம்மா தலையை நீட்டி, "என்ன அக்கா எழுதியிருக்கு, உரக்க வாசியுங்கோ" என்றாள். மகாதேவி உரக்கவே வாசித்தாள்.

"கனகரத்தினம் இன்னும் சாகவில்லை. இங்கிலீஷ் படிப்பித்தார். நூற்றிருபது சொல் தேடினார். அவர் தேடிக்கொண்டிருந்த காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்து மாறியதும் மாட்டைக் கட்டியதும் மகனை வளர்த்ததும் மனைவி மகாதேவி. செத்த வீடுகளுக்கு இவர் கொப்பி கொண்டு போனார். அடுப்பு மூட்டாத அந்த வீடுகளுக்கு மகாதேவி சோறு சமைத்துக் கொண்டு போனாள். மகாதேவிக்கு இவர் ஒருநாளும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததில்லை. அவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று இவருக்குத் தெரியாது. அதைப் படிக்க இவருக்கு விருப்பமும் இல்லை."

லூர்த்தம்மா மூக்கைச் சீறினாள். மாஸ்ரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருக்கா ஊத்தித் தந்தனீங்கள்" என்றாள் மகாதேவி. "மகன் பிறந்த கிழமை. சீனி போட மறந்து போனியள். நான் சொல்லேல்லை, குடிச்சிட்டன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் பேந்து அதுவும் கிடைக்காது." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எத்தினை அடிச்சனீங்கள்?"

"முந்நூறு."

"மற்றதெல்லாம் எங்கை?"

"வெளியிலை, சைக்கிளிலை."

"ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது. நான் உயிரோடை இருக்கேக்கை உங்கடை மலரை ஊரிலை ஒருத்தன்ரை கையிலையும் நான் காணக்கூடாது. சரியோ?"

நாற்பத்துநாலு வருடம் யாராவது வாசிக்கவேண்டும் என்று அலைந்த மனிதர். முழுவதும் அச்சாகி, நல்ல தாளில், பிழை திருத்தி, வெளியே கரியரில் கட்டிக் கிடக்கிறது. மாஸ்ரர் மகாதேவியின் வெடித்த உதட்டைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

மகாதேவி நேர்ஸைக் கூப்பிட்டுப் பேப்பரைக் கேட்டாள். படுத்தபடியே, தன் பெயரின் நாலெழுத்தையும் ஆறுதலாக எழுதிக் கொடுத்தாள். பார்க்க வந்தவர்களைப் போகச் சொல்லி மணி அடித்தார்கள். கையிலிருந்த மலரைத் திருப்பி வாங்க மாஸ்ரர் கையை நீட்டினார். அவள் அதைக் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு முதலாவது சொல்லிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.